அவளுடைய சென்சார்

ஜூலை 7, திங்கள்

இன்று கம்பெனியில் புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். பெயர் ஜெனிஃபா, நாகர்கோவில் பக்கம். இருபத்தெட்டு வயதாம். வெளிநாட்டில் ஆராய்ச்சி முடித்துவிட்டு வந்திருக்கிறாள். சண்முகவடிவேல் சார் அவளை மேஜை மேஜையாக அழைத்துக்கொண்டு போய் அறிமுகம் செய்துவைத்தார். நான் சேர்ந்த அன்று எனக்கு உட்கார நாற்காலிகூடக் கிடையாது, ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார்கள்.

என் மேஜைக்கு வந்ததும் சார், "இவங்கதான் திலகவதி. நம்ம பெட்டியோட கண்ணே இவங்க பண்ணதுதான்" என்றார். அதுவரைக்கும் சரி.

நாங்கள் செய்வது ஒரு சின்னப் பெட்டி. நெஞ்சுவலி என்று வருகிறவரின் ரத்தத்தில் ஒரு சொட்டை அதில் விட்டால், மாரடைப்பின்போது கசிகிற புரதம் அதில் இருக்கிறதா என்று சொல்லிவிடும். புரதம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தூசியைவிடப் பொடிசான காந்தத் துகள்களை அதில் ஒட்டவைத்து, ஒட்டாததைக் கழுவிவிட்டு, மிஞ்சியதைச் சென்சாரால் அளக்கிறோம். அந்தச் சென்சார் என்னுடையது, ஹால் சென்சார். நான்கு வருஷமாக அதோடுதான் என் குடித்தனம் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

ஜெனிஃபா குனிந்து பார்த்தாள். "ஹாலா? கொள்ளாம்க்கா, நல்லாருக்கு. டன்னல் சென்சார் போட்டுப் பாக்கலியா? அது இதைவிட ரொம்ப நுணுக்கமா பிடிக்கும்லா."

வந்து அரை நாள் ஆகவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

அவளுக்கு ஜன்னல் பக்கத்து மேஜை.

ஜூலை 11, வெள்ளி

கேஸ் தீர்ந்துவிட்டது. காலையில் இண்டக்‌ஷன் அடுப்பில் தோசை ஊற்றியதில் ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை.

மதியம் சார் எல்லோரையும் கூப்பிட்டார். ஆகஸ்ட் பதினாலாம் தேதி முடிவு. என் ஹால், ஜெனிஃபாவின் டன்னல் இரண்டில் எது ஜெயிக்கிறதோ அதைப் போட்டு மூன்று ஆஸ்பத்திரிக்குப் பெட்டியை அனுப்பிப் பார்க்கப்போகிறோம். "ரெண்டுல ஒண்ணுன்னு முடிவு பண்ணோணுமுங்க. இனி தள்ளிப்போட முடியாது" என்றார்.

ஜெனிஃபாவைத் தற்காலிகமாகத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். ஆகஸ்ட் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. அவள் சென்சார் எடுபட்டால்தான் நீட்டிப்பார்களாம். பாவம்தான். அதற்கு நான் என்ன செய்ய?

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. தான் செய்ததைத் தானே சோதிக்கக் கூடாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சார் சொல்வார். அதனால் என் ஹாலை அவள் அளப்பாள், அவள் டன்னலை நான் அளப்பேன். இதற்குக் கை மாற்று என்று பெயர்.

சோதனை அறை வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கிறது. போன், சாவி, கடிகாரம், பெல்ட் என்று இரும்பு இருக்கக்கூடிய எல்லாவற்றையும் அதில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இவள் ஹேர்கிளிப்பைக்கூடக் கழற்றி வைத்தாள். முடி இடுப்பு வரைக்கும் விழுந்தது. சார் பார்த்து, "அடேங்கப்பா, எவ்வளவு பொறுப்பு!" என்றார். நானும் நான்கு வருஷமாகக் கடிகாரத்தைக் கழற்றித்தான் வைக்கிறேன்.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. இப்போதே காற்று ஆளைத் தள்ளுகிறது.

என் எலுமிச்சைச் சாதத்தில் பாதியை அவள் சாப்பிட்டாள். கேட்டுவிட்டுத்தான், ஆனால் கேட்கும்போதே கரண்டி உள்ளே போய்விட்டது. "எங்க வீட்டுல இப்படி வராதுக்கா" என்றாள். நல்ல வாயாடி. சாரிடம் பேசும்போதும் அதே வாய்தான். எதிர்த்துப் பேசுகிறாள், அவர் சிரிக்கிறார். நான் ஒரு தடவை எதிர்த்துப் பேசியதற்கு மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

இன்றைக்குத்தான் முதல் கை மாற்று. உண்மையை எழுதுகிறேன், காலையில் மருதமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அவளே வைத்துப் பார்த்தபோது அவளுடைய டன்னல் சென்சார் தூண் மாதிரி நின்றதாம். நான் ரத்தச் சொட்டு விட்ட கார்ட்ரிட்ஜைச் செருகி உட்கார்ந்தேன். அளவு நிற்கவே இல்லை. மேலே போகிறது, கீழே வருகிறது. மாதிரி ரத்தம் உள்ள ஒரே குப்பியை மூன்று முறை வைத்தேன், மூன்று விதமாகச் சொன்னது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமுகிற மாதிரி செய்தேன்.

"உன் சென்சாருக்கு ஆடிக்காத்து பிடிச்சிருச்சு போல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. முகம் சின்னதாகிவிட்டது. "நான் வெச்சா நிக்குதேக்கா" என்றாள்.

"அதுக்குத்தான் கண்ணு கை மாத்தறது" என்றேன்.

வரும் வழியில் வீட்டுக்காரருக்கு ஜாங்கிரி வாங்கினேன். என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

என் ஹாலை அவள் அளந்த கணக்கு வந்தது. ஆட்டம் இல்லை, அசைவு இல்லை. முதல் இரண்டு குப்பியும் சரி. மூன்றாவதில் புரதம் ரொம்பக் குறைவு. வலி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டவருக்கு இருக்கிற அளவு. ஹால் அதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது. அவளுடைய டன்னல், அவள் கையில் இருக்கும்போது, இருக்கிறது என்று சொன்னது.

அவ்வளவு குறைவாக யாருக்கு இருக்கப்போகிறது? சாப்பிடும்போது வீட்டுக்காரர் மோகனசுந்தரத்திடம் இதைச் சொன்னேன். அவர் மோட்டார் கம்பெனிக்காரர், துகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நெஞ்சுவலி வந்தவன் உங்க பெட்டிக்காக நல்லா முத்துனப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போகோணுமா?"

"உங்களுக்குப் புரியாதுங்க."

"சரி, புரியல. ஆனா ஏம்புள்ள, வாய் தொறந்தா அந்தப் பொண்ணு பேருதான் வருது. ரெண்டு வாரமா எம்பேரு இந்த வீட்டுல காதுலயே விழுகல."

ரசத்தில் உப்பு அதிகம் என்று அவர் சொல்லவில்லை. அதிகம்தான்.

ஜூலை 29, செவ்வாய்

மறுபடி கை மாற்று. மறுபடி ஆட்டம். ஜெனிஃபா வயரை மாற்றிப் பார்த்தாள், மின்சாரத்தை பேட்டரிக்கு மாற்றிப் பார்த்தாள், லிப்டை நிறுத்தச் சொன்னாள். ஒன்றும் பலிக்கவில்லை. சாயங்காலம் கழிவறையில் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. காலையில் தலைக்கு ஊற்றி, புது மஞ்சள் கயிற்றில் தாலி மாற்றிக்கொண்டேன். தங்கத் தாலிக்கொடி விசேஷத்துக்கு மட்டும்தான், மற்ற நாளில் எனக்குக் கயிறுதான். பழைய கயிற்றில் எப்போதும் இரண்டு ஊக்கு தொங்கும். சேலைத் தலைப்புக்கு, துப்பட்டாவுக்கு, அவசரத்துக்கு என்று எல்லாப் பெண்களும் மாட்டிக்கொள்வதுதான். அத்தை பார்த்துவிட்டு, "புதுக்கயித்துல இரும்ப மாட்டாத கண்ணு, மூணு நாளாச்சும் போகட்டும்" என்றார். சரி என்று ஊக்கைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன்.

தேங்காய்ப்பால் பாயசம் நன்றாக வந்திருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

அவள் சென்சார் இன்று ஆடவில்லை.

நான்தான் வைத்தேன். அதே அறை, அதே குப்பி, அதே நாற்காலி. அசையாமல் நின்றது. மூன்றாவது குப்பியிலும் இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னது. ஜெனிஃபா துள்ளிக் குதித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா! நின்னுட்டுக்கா!" கை சில்லென்று இருந்தது. எதை மாற்றினாய் என்று கேட்டேன். ஒன்றும் மாற்றவில்லையாம்.

அவள் மாற்றவில்லை. சாப்பிடும்போது எனக்குப் புரிந்தது. குனிந்தபோது கயிறு வெளியே வந்து டேபிள்மேல் தொங்கியது. தொட்டுப் பார்த்தேன். வெறும் கயிறு.

தட்டில் சாவி வைக்கிறோம், போன் வைக்கிறோம். தாலியைக் கழற்றி வை என்று எந்த மனுஷன் சொல்வான்? கழற்றுகிற பொருள் என்று நானே நினைத்ததில்லை. கார்ட்ரிட்ஜைச் செருகக் குனியும்போதெல்லாம் ஊக்கு இரண்டும் அவள் சென்சாருக்கு முன்னால் ஊஞ்சல் ஆடியிருக்கின்றன. என் ஹாலுக்கு அது தெரியவே தெரியாது, அவ்வளவு நுணுக்கம் அதற்குக் கிடையாது.

சாரிடம் நாளை சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சார் திருப்பூர் போயிருந்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

ஊக்கு இல்லாமல் ஒரு நிமிஷம் ஓட்ட முடியவில்லை. காலையில் பஸ்ஸில் தலைப்பு சரிந்து அவஸ்தை. அத்தை சொன்ன மூன்று நாளும் ஆகிவிட்டது. மறுபடி மாட்டிக்கொண்டேன். பெரிய சைஸாக நான்கு. ஆபத்துக்கு உதவும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கை மாற்று. ஆடியது. முன்னைவிட அதிகமாகவே ஆடியது.

சார் தலையைச் சொறிந்துகொண்டு, "திங்கக்கிழமை நல்லாத்தான இருந்துது? என்னம்மா இது, நாளுக்கொரு புத்தி?" என்றார். ஜெனிஃபா என்னைப் பார்த்தாள். நான் குப்பி எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. அளவு எப்படி வந்ததோ அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாவு அரைத்தேன். திரைச்சீலை துவைத்தேன். அலமாரியை ஒழித்து அடுக்கினேன். வீட்டுக்காரர், "யாராச்சும் விருந்தாடி வர்றாங்களா?" என்று கேட்டார். கையைச் சும்மா வைத்திருந்தால் அவள் கழிவறையில் கண் கழுவியது நினைவுக்கு வருகிறது. அதே சமயம் சார் அவளைப் பார்த்து அடேங்கப்பா என்றதும் நினைவுக்கு வருகிறது, உடனே சரியாகிவிடுகிறது.

எனக்கு அவள்மேல் பொறாமை கிடையாது. நான்கு வருஷம் ஒருத்தி பாடுபட்டதை இன்னொருத்தி ஐந்து வாரத்தில் தட்டிக்கொண்டு போவது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடைசிக் கை மாற்று. ஆடியது. நான் அளக்கும்போது ஜெனிஃபா எனக்குப் பின்னால் நிற்காமல் இன்றைக்குப் பக்கவாட்டில் வந்து நின்றாள். சென்சாரைப் பார்க்கவில்லை. எலுமிச்சைச் சாதம் கொண்டுபோயிருந்தேன், அவள் வாங்க வரவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலைக் கூட்டத்துக்கு என் அறிக்கையை ஒரு பக்கத்தில் டைப் செய்து எடுத்துப் போனேன். "டன்னல் சென்சார் நிலையாக இல்லை. காரணம் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தகுந்தது ஹால்." சார் என்னைப் பேசச் சொல்வதற்குள் ஜெனிஃபா எழுந்துவிட்டாள்.

அவள் கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி உண்டு, சிலுவை போட்டது. இன்று அந்தச் சங்கிலியில் ஒரு கொத்து ஊக்கு தொங்கியது.

முடிந்தது கதை என்று நினைத்தேன். இத்தனை பேர் முன்னால் என் கழுத்தைக் காட்டப்போகிறாள்.

மேஜைமேல் கொண்டுவந்து வைத்திருந்த தன் சென்சாருக்கு முன்னால் அவள் குனிந்தாள், அளவு ஆடியது. சங்கிலியைக் கழற்றித் தள்ளி வைத்தாள், நின்றது. மறுபடி குனிந்தாள், ஆடியது. சார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"சார், வாசல்ல தட்டு வெச்சிருக்கோம்லா. எல்லாத்தையும் கழட்டி வெக்கோம். தாலியில தொங்குத ஊக்கை யாரும் கழட்டச் சொல்லல. நாளைக்கு ஆஸ்பத்திரியில நர்ஸ் அக்காமாருகிட்ட சொல்ல முடியுமா? அவங்க ஊக்கோடதான் குனிவாங்க. இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல சார். திலகாக்கா. அக்கா ஊக்கை மாட்டியும் அளந்தாங்க, கழட்டியும் அளந்தாங்க. ரெண்டு கணக்கும் இருக்கு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

"அப்ப அந்தத் திங்கக்கிழமை நின்னது..." என்றார் சார்.

"அன்னைக்கு அக்கா ஊக்கு மாட்டல."

சார் மேஜையைத் தட்டினார். "பாத்தீங்களா! இதுதானுங்க அனுபவம். நாமெல்லாம் அறைக்குள்ள உக்காந்து அளந்துட்டிருக்கோம். இந்தம்மா ஆஸ்பத்திரியையே இங்க கொண்டாந்து அளந்திருக்குது!"

கை தட்டினார்கள். எனக்கு. நான் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

முடிவும் அப்போதே ஆனது. டன்னல் சென்சார்தான். ஆனால் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று, ரத்தம் படாமல் சும்மா இருக்கும். வெளியே எது ஆடினாலும் இரண்டும் சேர்ந்து ஆடும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டால் துகள் மட்டும் மிஞ்சும். சுற்றிலும் காந்தத்தைத் தடுக்கிற உறை. அந்த உறையோடு பெட்டியைக் கட்டி, மூன்று ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகிற திட்டத்துக்குத் தலைமை நான்.

வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டதும் கடைக்கு ஓடி ஜாங்கிரி வாங்கி வந்தார். ஒன்றைப் பிட்டு அவர் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. ஆபீஸில் கொடியேற்றிவிட்டு எல்லோரும் மிட்டாயோடு கிளம்பிவிட்டார்கள். அவளை ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் பிடித்தேன்.

"உனக்கு நிஜமாவே அப்படித்தான் தோணுச்சா? நான் சோதனைக்காகத்தான் மாட்டுனேன்னு?"

மாட்டப்போன ஹெல்மெட்டை இறக்கினாள். "இல்லக்கா."

"பின்ன?"

"செவ்வாக்கிழமை பாத்தேன். மொதல்ல ரெண்டு இருந்தது, அந்தத் திங்கக்கிழமை வெறுங்கயிறு, இப்ப நாலாயிருக்கு. அன்னைக்கு வீட்டுக்குப் போயி அழுதேன். ஒங்கள நல்லா திட்டவும் செய்தேன். பெறவு யோசிச்சேன். உண்மையச் சொன்னா சார் ஒங்கள அனுப்பிருவாரு. பெட்டி கட்டுறதுக்கு எனக்குத் தெரியுமா? உறை போடத் தெரியுமா? அந்தத் துகளைக் கழுவுற வித்தை ஒங்களைத் தவிர இங்க யாருக்குத் தெரியும்? நீங்க போயிட்டா என் சென்சார் வெறும் சென்சாருதான். எனக்கு அது ஆஸ்பத்திரிக்குப் போகணும்க்கா, அவ்வளவுதான்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சார் கூப்பிட்டார். "தலைமை நீங்க. அந்தப் பொண்ணு ஒப்பந்தம் மாசக் கடைசியோட முடியுது. சென்சார் முடிவாயிருச்சு, இனி அவ இல்லாமயும் ஓட்டலாம்னு சில பேரு சொல்றாங்க. வெச்சுக்கறதா, வேண்டாமான்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஏன் நாளைக்கு என்றேன்? அப்போதே சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்றால் ஜன்னல் மேஜை காலி. என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆளும் போய்விடுவாள். சார் சிரிப்பதற்கும் வேறு ஆள் இருக்காது. இதையெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப்போய்த் திரும்பி நடந்து வந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "நிரந்தரமாவே எடுத்துக்கலாம் சார்" என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது நாக்கு கசந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், இனி இந்த நோட்டில் ஒளிக்க என்ன இருக்கிறது?

பொறாமைதான். நியாயம், அனுபவம் என்று சுற்றி வளைத்ததெல்லாம் இதுதான்.

ஆகஸ்ட் 20, புதன்

மதியம் அவளிடம் நானே சொன்னேன். நிரந்தரம் ஆகிவிட்டது என்று. "கொள்ளாம்க்கா!" என்று என் தோளில் சாய்ந்து குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரிக்கிறாள். பிறகு எலுமிச்சைச் சாதம் இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்தாள். இருந்தது.

அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்டால் மனசு ஆறும் என்று தோன்றியது. என் நான்கு வருஷத்தைப் பார்த்து, என் தலைமையைப் பார்த்து, சார் அன்று எனக்காக மேஜையைத் தட்டியதைப் பார்த்து அவளுக்கும் உள்ளே ஒரு பொட்டாவது எரிந்திருக்கும். அப்படி இருந்துவிட்டால் நாங்கள் இருவரும் ஒன்றுதான், கணக்குத் தீர்ந்துவிடும்.

"ஜெனி, உண்மையைச் சொல்லு. எம்மேல உனக்கு ஒரு நாளாச்சும் பொறாமை வந்துச்சா?"

கரண்டியை நிறுத்தினாள். என்னை ஏமாற்றக் கூடாது என்று நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். அது முகத்தில் தெரிந்தது.

"இல்லியேக்கா" என்றாள். "எதுக்கு?"

கிண்டல் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். நான் எதற்கு என்று சொல்ல ஆரம்பித்து, எதைச் சொல்வது என்று தெரியாமல், சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடினேன்.

இத்தனை வாரத்தில் அவள்மேல் இன்று எரிந்த மாதிரி என்றைக்குமே எரிந்ததில்லை.